மங்கிய முகமும் தெளிந்த முகமும்

நாம் இறையியல் மாணவராய் இருந்த 1990களின் தொடக்கத்தில், தவக்காலத்து வெள்ளி ஒன்றின் மாலை, சிலுவைப்பாதை முடிந்த கையோடு மாணவர் அனைவரையும் நூலகக் கூடத்திற்கு வரச்சொன்னார்கள். உயரமான மேசைமீது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதன் அடியில், அக்காலத்தில் ‘டெக்’ என்று வழங்கிய வீடியோ கருவி. திரைப்படக் கலைபற்றி வகுப்பெடுக்க வந்திருந்த பேராசிரியர் தம் தோள்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து அதனுள் செலுத்தினார். பிரதியைப் பார்த்துப் பதிந்த பிரதி அது. படம் ஓடத் தொடங்கியதும் திரையின் அடியில் வெண்கோடுகள் நெளிந்தன. மாணவர் ஒருவர் எழுந்து சென்று பொத்தானைத் திருகித் திருகி அதைச் சரிசெய்தார். டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர் 1928-இல் அளித்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ என்னும் மௌனப்படம் நமக்கு அறிமுகமானது அவ்வாறுதான்.

அன்று கண்ட முகம் இன்றும் நம் நினைவில் நிற்கிறது. வெண்மையான முகம். கண்கள் இரண்டும் கருங்குழிகள். நெற்றி, கன்னம், வாய் யாவும் ஒரே ஒளித்திரள். பின்னாலிருந்த சுவரும் வெண்மை. முகம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் கண்டுகொள்ள இயலவில்லை. அந்த ஒளித்திரளைப் புனிதத்தின் ஒளி என்றே நாம் எடுத்துக்கொண்டோம். குருப்பட்டம் பெற்றபின், மே 30-ஆம் நாள் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் நினைவு வரும் ஆண்டுகளிலெல்லாம் மறையுரையில் அந்த முகத்தைப்பற்றிப் பேசினோம். துன்பத்தின் உலையில் மண்ணுலகச் சாயல் அனைத்தும் கரைந்துபோய், ஒளியாகவே மாறிவிட்ட முகம் என்று வருணித்தோம். கேட்டவர்கள் நன்றாயிருந்தது என்றார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, இதே படத்தின் புதுப்பிக்கப்பட்ட புளூ-ரே தட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பிரான்சு நாட்டுக் கோமோன் நிறுவனத்தார் செய்த மறுசீரமைப்பைக் கொண்டு, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்டது அது. அதைப் பார்த்து முடித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. நம் மறையுரை தவறு என்று தெரிந்துவிட்டது. அந்த முகத்தை விட்டு மண்ணுலகச் சாயல் நீங்கவே இல்லை. தோலின் நுண்துளைகள், கன்னத்துப் புள்ளிகள், வறண்டு வெடித்த உதடுகள், இமையோரத்தில் தேங்கி நின்று பின் தனக்கென ஒரு வழி கண்டு இறங்கும் கண்ணீர் ஆகிய யாவும் அங்கே இருந்தன. நாம் ஒளி என்று போற்றியது நாடாவின் குறை.

பழைய வீடியோவையும் புதிய தட்டையும் ஒப்பிடுவது விற்பனையாளர் வேலை, இலக்கிய இதழில் அதற்கென்ன இடம் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ஒரு கலைப்படைப்பை நாம் ஒருபோதும் நேரே காண்பதில்லை. அதன் பிரதி ஒன்றையே காண்கிறோம். பிரதியின் பழுதைப் படைப்பின் கருத்தாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. அந்த ஆபத்தில் பல்லாண்டு அகப்பட்டிருந்தவர் என்ற முறையில், கற்றுக்கொண்டதைப் பகிர்வது நம் கடன்.

இருமுறை எரிந்த படம்

ஜோன் 1431 மே 30-இல் ரூவான் நகரில் எரிக்கப்பட்டார். அவரைப் பற்றிய படமும் எரிந்தது, அதுவும் ஒருமுறையன்று. 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட இப்படம், அதே ஆண்டு அக்டோபரில் பாரீசுக்கு வருமுன் பாரீசுப் பேராயரும் அரசுத் தணிக்கையாளரும் வற்புறுத்தியதால் வெட்டப்பட்டது. இயக்குநரின் இசைவு கேட்கப்படவில்லை. அந்தக் கத்தரிக்கோலில் ஒரு கை நம் வீட்டுக் கை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுதல் நல்லது. டிசம்பரில் பெர்லின் நகரத்து ஊஃபா நிறுவனத்தில் மூண்ட தீயில் மூல நெகடிவ் சாம்பலாயிற்று.

டிரையர் மனம் தளரவில்லை. படப்பிடிப்பில் ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து, ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றவற்றை ஒதுக்கிவைப்பது வழக்கம். அவ்வாறு ஒதுக்கப்பட்டிருந்த துண்டுகளைத் திரட்டி, முதல் வடிவத்தை ஏறத்தாழ ஒத்த இரண்டாம் வடிவம் ஒன்றை அவர் கோத்தெடுத்தார். 1929-இல் பாரீசை அடுத்த படச்சாலை ஒன்றில் மூண்ட தீ அதையும் விழுங்கிவிட்டது என்றே கருதப்பட்டது. பின்னர் உலகம் கண்டவையெல்லாம் அங்குமிங்கும் தப்பிய, வெட்டுண்ட பிரதிகள்.

1951-இல் லோ தூக்கா என்னும் திரைப்பட வரலாற்றாசிரியர், இரண்டாம் வடிவத்தின் நெகடிவ் ஒன்று கோமோன் கிடங்கில் தப்பியிருந்ததைக் கண்டெடுத்தார். அதை அவர் உள்ளபடியே விட்டிருக்கலாம். மாறாக, பாக், விவால்டி முதலியோரின் இசையைப் படத்தோடு இணைத்தார். எழுத்து அட்டைகள் பலவற்றை நீக்கி வசனத்தைப் படத்தின் அடியில் ஓடவிட்டார். எஞ்சிய எழுத்துகளுக்குப் பின்னணியாகக் கோவிலின் வண்ணக்கண்ணாடிச் சாளரங்களையும் இருக்கைகளையும் வைத்தார். டிரையர் இதை ஏற்கவில்லை. ஆயினும் இந்த வடிவமே பல பத்தாண்டுகள் உலகமெங்கும் சுற்றியது. குருத்துவக் கல்லூரியில் அன்று நாம் பார்த்த நாடாவும் அதன் வழிவந்ததே. அந்த இசையும் அந்தச் சாளரங்களும் நமக்கு மிகவும் பிடித்திருந்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஒரு குருமாணவனுக்குப் பிடிப்பதற்கென்றே செய்தவைபோல் இருந்தன.

இனி வருவதுதான் வியப்பு. 1981-இல் நார்வே நாட்டில், ஆஸ்லோ நகரை அடுத்த டீக்கெமார்க் மனநல மருத்துவமனையில், துப்புரவுப் பொருட்கள் வைக்கும் சிற்றறை ஒன்றிலிருந்து படச்சுருள் பெட்டிகள் சில வெளிப்பட்டன. நார்வே திரைப்படக் கழகத்திற்கு அவை அனுப்பப்பட்டன. அங்கும் சுமார் மூன்று ஆண்டுகள் திறக்கப்படாமலே கிடந்தன. திறந்தபோது, டேனிய மொழி எழுத்து அட்டைகளோடு, தணிக்கைக்கு முந்திய முதல் வடிவத்தின் பிரதி கிடைத்தது. மூலநெகடிவ் எரிவதற்கு முன் அதிலிருந்து அச்சிட்ட பிரதி. நடிகை ஃபால்கொனெட்டி 1946-இலும் டிரையர் 1968-இலும் இறந்துவிட்டனர். தங்கள் படைப்பு மனநோயாளர் இல்லம் ஒன்றில் அடைக்கலம் பெற்றிருந்ததை இருவரும் அறியவில்லை.

ஆதலால் நம் ஒப்பீட்டின் முதற்பாடம் இது: பழைய நாடாவில் இருந்ததும் புதிய தட்டில் இருப்பதும் ஒரே படத்தின் மங்கலான, தெளிவான உருவங்கள் அல்ல. நாம் பார்த்து நெகிழ்ந்த கண்ணீர்த்துளி, டிரையர் முதலில் தெரிந்துகொண்ட துளி அன்று. ஒதுக்கிவைத்த வேறொரு துளி. தெளிவைப் பேசுமுன், எதன் தெளிவு என்று கேட்டறிதல் வேண்டும்.

நாடாவில் காணாமற்போனவை

இக்கட்டுரைக்காக மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்பினோம். கல்லூரி அலமாரியில் அந்தப் பழைய கேசட் இன்னும் இருந்தது. நாடாவில் சில இடங்களில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அதை ஓட்டும் கருவி நம் பங்கின் மைக்செட் உரிமையாளர் வீட்டுப் பரணில் கிடைத்தது. கிரைட்டீரியன் நிறுவனத்தார் 1999-இல் வெளியிட்ட டிவிடியையும் நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்றோம். அந்த டிவிடி, ஆஸ்லோவில் கிடைத்த பிரதியை ஏற்கெனவே ஆதாரமாகக் கொண்டது.

வி.எச்.எஸ். நாடா, படத்தின் குறுக்கே ஏறத்தாழ 240 கோடுகளைத்தான் பிரித்துக்காட்ட வல்லது. டிவிடியின் சட்டகம் 720-க்கு 480 புள்ளிகள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் 720-க்கு 576. புளூ-ரேயில் 1920-க்கு 1080. எண்கள் இவ்வளவே. ஆனால் நாடாவின் குறை எண்களில் மட்டும் அடங்கவில்லை. படச்சுருளைப் பிரதியெடுக்கும் ஒவ்வொரு முறையும் வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் சில கழன்றுவிழும். வெளிச்சம் மேலும் வெளிறும், நிழல் மேலும் இருளும். சில தலைமுறை கடந்தால் மிஞ்சுவது சுண்ணாம்பும் கரியுமே.

இப்படத்தில் அந்த இழப்பு பேரிழப்பு. ஏனெனில் இது முகங்களால் ஆன படம். அக்காலத்தில் பரவலாக இருந்த படச்சுருள் வகை சிவப்பு நிறத்தை உணராது. உதடும் கன்னச் சிவப்பும் கருமையாகப் பதியும். அதனால் நடிகர்கள் முகத்தில் கனமாக ஒப்பனை பூசியே தீரவேண்டியிருந்தது. டிரையரும் ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தேயும் எல்லா நிறங்களையும் உணரும் புதுவகைச் சுருளைக் கையாண்டு, ஒப்பனை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். தோல் தோலாகவே தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சுவர்களுக்கும் வெள்ளை பூசவில்லை, இளஞ்சிவப்பு பூசினார்கள். படத்தில் அது மெல்லிய சாம்பலாக விழுந்து, வெளுத்த வானத்தினின்றும் பிரிந்து நிற்கும் என்பது கணக்கு. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சாம்பல் நிறங்கள்தாம் நாடாவில் முதலில் தொலைந்தவை. மண்ணின் மகளாகக் காட்ட ஒப்பனையைத் துடைத்தார் இயக்குநர். பழுதான பிரதி வேறொரு ஒப்பனையைப் பூசிவிட்டது. அந்த ஒப்பனையைத்தான் நாம் மறையுரையில் புகழ்ந்தோம்.

ஓரிரு காட்சிகளைச் சொல்வோம். விசாரணையின்போது ஜோனின் முகத்தில் ஓர் ஈ வந்து அமர்கிறது. அவர் அதைத் தட்டிவிடுகிறார். நாடாவில் நாம் கண்டது காரணமின்றி அசைந்த ஒரு கை. டிவிடியில் ஈ தெரிகிறது. புளூ-ரேயில் ஈ அமர்வதற்கும் அவர் அதை உணர்வதற்கும் இடைப்பட்ட கணமும் தெரிகிறது. உயிருக்கு வாதாடும் பெண்ணின் முகத்தில் ஈ மொய்க்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி! திருவிழாச் சுரூபங்களின் முகத்தில் நாம் ஈயைக் கற்பனை செய்வதில்லை.

சிறையறையில் சாளரக் கம்பிகளின் நிழல் தரையில் சிலுவையாக விழுகிறது. அதைக் கண்டு ஜோன் மகிழ்கிறார். நயவஞ்சகமாய் வரும் குரு ஒருவர் உள்ளே நுழைய, அவருடைய நிழல் பட்டுச் சிலுவை மறைகிறது. நம் நாடாவில் அந்த நிழலின் விளிம்புகள் கலைந்து, தரையில் ஏதோ கறை என்றே தோன்றியது. ஆகவே ஜோனின் மகிழ்ச்சிக்குக் காரணம் நமக்கு விளங்கவில்லை. காரணமின்றி மகிழும் நிலையையும் ஞானப்பரவசம் என்று அன்று குறிப்பேட்டில் எழுதிவைத்தோம்!

வைக்கோலால் அவர் பின்னிய முடியும் அப்படியே. உயிருக்கு அஞ்சிக் கையொப்பமிட்டபின் ஜோனின் தலைமுடியை மழிக்கிறார்கள். வெட்டிய முடியோடு அந்த வைக்கோல் முடியும் பெருக்கித் தள்ளப்படுவதைக் கண்ட பிறகே அவர் தம் கையொப்பத்தைத் திரும்பப் பெறத் துணிகிறார். புதிய தட்டில் வைக்கோல் தாளையும் தலைமயிரையும் இழை இழையாய்ப் பிரித்துக் காணலாம். குப்பையோடு குப்பையாய்ப் போவது எது என்று தெரிந்தால்தானே அவருடைய நெஞ்சில் என்ன நடந்தது என்பதும் தெரியும்?

எனாமல் பூசிய சுரூபம்

அப்படியானால் புதியதெல்லாம் நல்லது, தெளிவெல்லாம் உண்மை என்று முடிவு கட்டலாமா? ஆகாது. நம் ஊர்ப்பக்கத்துச் சிற்றாலயங்களில் பழைய மரச் சுரூபங்களுக்கு நேர்ந்ததை அன்பர்கள் அறிவார்கள். திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பூசிப் பூசி, தச்சன் செதுக்கிய மூக்கும் விரலும் மழுங்கிப்போய், பளபளப்பு மட்டுமே மிஞ்சி நிற்கும். பூசியவர்களின் பக்தியில் குறையில்லை. ஆயினும் சுரூபம் மறைந்துபோயிற்று.

புதுப்பித்தலிலும் இந்த எனாமல் உண்டு. படச்சுருளில் பதியும் உருவம் நுண்ணிய மணிகளால் ஆனது. திரையில் அது மெல்லிய துகள் அசைவாகத் தெரியும். அது தூசியன்று, உருவமே அந்த மணிகளால்தான் ஆகியிருக்கிறது. இதை அறியாதவர்கள் கணினியின் துணையால் மணிகளை வழித்தெடுக்கும்போது தோலின் நுண்துளைகளும் துணியின் நெசவும் சேர்ந்து போய்விடுகின்றன. முகம் மெழுகுப் பொம்மையாகிறது. ‘பேட்டன்’ என்னும் 1970-ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தின் 2008 புளூ-ரே இவ்வகையில் கண்டனத்திற்கு உள்ளாகி, 2012-இல் மீண்டும் செப்பமாக வெளியிடப்பட்டது. 65 மில்லிமீட்டர் சுருளில் எடுத்த, இயல்பிலேயே தெளிவான படத்திற்கு அந்த வழிப்பு தேவையே இருந்திருக்கவில்லை.

டிரையர் படத்தின் புதிய தட்டில் இந்தத் தவறு நேரவில்லை என்பதே அதன் முதற்சிறப்பு. கீறல்களும் அழுக்கும் பெரிதும் நீக்கப்பட்டுள்ளன, தள்ளாட்டம் அடக்கப்பட்டுள்ளது, மணிகள் தொடப்படவில்லை. இன்னும் சில இடங்களில் மெல்லிய கோடுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றை அழித்தால் அடியிலுள்ள முகமும் சிதையும் என்று கண்ட இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள் போலும். அந்த நிதானம் போற்றத்தக்கது. எங்கே கைவைப்பது என்பதைவிட எங்கே கையை எடுப்பது என்பதே இத்தொழிலில் அருமையான அறிவு.

இன்னொரு நேர்மையும் குறிப்பிடத்தக்கது. மௌனப்படங்கள் ஓடும் வேகம் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. டிவிடியில் நொடிக்கு 24 சட்டங்கள் என்ற ஒரே வேகம். படம் 82 நிமிடங்களில் முடிந்துவிடும். புளூ-ரேயில் அந்த வேகமும் உண்டு. நொடிக்கு 20 சட்டங்கள் என்ற வேகத்தில் 97 நிமிடங்கள் ஓடும் வடிவமும் உண்டு. எது சரி என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆகையால் இரண்டையும் வைத்து, பார்ப்பவரே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நாம் இரண்டையும் பார்த்தோம். விரைவு வடிவத்தில் விசாரணை ஒரு தாக்குதலாக இருக்கிறது. கேள்விகள் கல்லெறிபோல் விழுகின்றன. மெதுவான வடிவத்தில் கேள்விக்கும் விடைக்கும் நடுவே ஓர் இடைவெளி பிறக்கிறது. அந்த இடைவெளியில் ஜோன் சிந்திக்கிறார், அஞ்சுகிறார், செபிக்கிறார். நீ அருள்நிலையில் இருக்கிறாயா என்னும் கேள்விக்கு அவர் விடை தேடும் தருணத்தை மெதுவான வடிவத்தில் காண்பதையே நாம் விரும்புகிறோம். எப்படிச் சொன்னாலும் சிக்கவைக்கும் கேள்வி அது. அதற்கு எழுத்தறியாத ஒரு பெண் விடைகாணும் நேரத்தைச் சுருக்கிவிடலாகாது.

மங்கலில் அழுதவர்கள்

இங்கே ஒரு தடை எழலாம். பழுதான பிரதிகளைப் பார்த்தே உலகம் இப்படத்தை மாபெரும் படைப்பு என்று கொண்டாடிற்று அல்லவா? பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1962-இல் எடுத்த படம் ஒன்றில், ஒரு பெண் திரையரங்கில் அமர்ந்து ஃபால்கொனெட்டியின் முகத்தைக் கண்டு அழும் காட்சி புகழ்பெற்றது. 1981-க்கு முந்திய பிரதியைக் கண்டுதான் அந்தக் கண்ணீர். நாமும் மங்கலான நாடாவைக் கண்டுதானே கலங்கினோம்? கலங்கவைக்கும் ஆற்றல் புள்ளிகளின் எண்ணிக்கையில் இல்லையே?

தடை நியாயமானது. நாம் அதை முழுவதும் மறுக்க விரும்பவில்லை. எண்ணெய்ப் புகையில் கறுத்துப்போன படத்தின்முன் முழந்தாளிட்டு நம் பாட்டிமார் செபித்த செபம் மேலே போய்ச் சேர்ந்தது. படத்தைத் துடைத்தபின் செபித்ததற்கு அது தாழ்ந்ததன்று. ஆனால் கலங்குதல் வேறு, காணுதல் வேறு. நாடாவின்முன் நாம் கலங்கினோம். யாரைக் குறித்துக் கலங்கினோம்? ஒளியாகிவிட்ட ஒருவரைக் குறித்து. அவருக்கு வலிக்காது. அவருக்குத் தாகமில்லை. எரிதழல் அவரை என்ன செய்யும்? தெளிந்த பிரதியில் இருப்பவரோ ஏறத்தாழ 19 வயதுப் பெண். அவருக்கு வலிக்கும்; சாகப் பயமாக இருக்கிறது; பயத்தினால் ஒருமுறை கையொப்பமும் இட்டார். பயந்தவர், மீண்டு வந்து தீயினுள் சென்றார் என்பதே அவருடைய புனிதம். பயத்தை அழித்துவிட்டால் புனிதமும் அழிந்துவிடும் என்பதை இவ்வளவு காலம் கழித்தே நாம் உணர்ந்தோம்.

அதைவிட நம்மைச் சுட்டது வேறொன்று. பழைய நாடாவில் நீதிபதிகளின் முகங்கள் கரிய குகைகள்; திறந்த வாய்களும் புருவ நிழலுமாய் அரக்கர் கூட்டம்போல் இருந்தார்கள். அரக்கர்களை வெறுப்பது எளிது. அவர்கள் நம் இனத்தவர் அல்லர் என்று சொல்லிக்கொண்டு உறங்கப்போகலாம். புதிய தட்டில் அவர்கள் மனிதர்கள். மருவும் சுருக்கமும் கொண்ட, சவரம் செய்த, முதிய குருக்கள். ஒருவர் சலிப்போடு அமர்ந்திருக்கிறார்; ஒருவர் பக்கத்திலிருப்பவரின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்; ஒரு முதியவர் அவளைப் புனிதை என்று அறிந்து அவள்முன் மண்டியிடுகிறார். இளம் குரு மாசியேவின் முகத்தில் இரக்கம் இருக்கிறது. அந்த இரக்கத்தால் எதையும் தடுக்க இயலவில்லை என்ற வெட்கமும் இருக்கிறது. இறுதியில் சிலர் கண்கலங்கவும் செய்கிறார்கள். கலங்கிக்கொண்டே எரிக்கிறார்கள். பங்குப்பேரவைக் கூட்டங்களிலும் குருக்கள் கூட்டங்களிலும் 25 ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருக்கும் நமக்கு அந்த முகங்கள் எல்லாம் பழக்கமானவை. சிலவேளைகளில் அவற்றுள் ஒன்றைக் கண்ணாடியிலும் கண்டிருக்கிறோம்.

ஏழை வீட்டுப் பிரச்சினை ஒன்றைச் சட்டத்தின் எழுத்தைக் காட்டி முடித்துவைத்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் அன்று எதுவும் பேசாமல் எழுந்து போனார். அவருடைய முகத்தை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பது இந்தத் தட்டைப் பார்த்த இரவில்தான் உறைத்தது.

மீண்டும் திறந்த ஏடு

படம் எவ்வாறு தொடங்குகிறது தெரியுமா? முகத்தோடு அன்று, ஏட்டோடு. பாரீசில் பாதுகாக்கப்படும் விசாரணைக் குறிப்பேட்டை ஒரு கை புரட்டுகிறது. அந்த ஏடும் பிரதிதான். இலத்தீனில் ஐந்து பிரதிகள் எழுதப்பட்டன; மூன்று எஞ்சியுள்ளன. அந்தப் பிரதிகள் தப்பியிருந்ததால்தான் ஜோனின் சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன.

ஜோன் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, திருச்சபை அவ்வழக்கை மீண்டும் கையிலெடுத்தது. உயிரோடிருந்த சாட்சிகளைத் தேடிப்பிடித்து, அவரைச் சிறுவயதில் அறிந்த ஊர்மக்கள் முதற்கொண்டு கேட்டறிந்து, 1456 சூலை 7-ஆம் நாள் பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. 1920-இல் புனிதர் பட்டம் அளித்தது. பூசப்பட்ட கரியைத் துடைத்து, அடியிலிருந்த முகத்தை மீட்கும் வேலை அது. தாமதமான வேலைதான். எரிந்த உடலை அதனால் மீட்க இயலவில்லை. ஆயினும் பழுதான பிரதியே போதும், பழகிவிட்டோம் என்று இருந்துவிடாமல் அலமாரியைத் திறந்து பார்க்கச் சிலர் துணிந்தார்கள்.

சென்ற தவக்காலத்தில் நம் பங்கு மன்றத்தில் இப்படத்தைத் திரையிட்டோம். மெதுவான வடிவம், இசையின்றி. எழுத்து அட்டைகள் வரும்போது இளைஞர் ஒருவர் தமிழில் வாசித்தார். மௌனப்படத்தை மக்கள் பொறுமையாகப் பார்ப்பார்களா என்று ஐயுற்றோம். சிறுவர்கள் சிலர் எழுந்துபோனார்கள், மற்றவர்கள் அமர்ந்திருந்தார்கள். கதையை முன்னுரையாகச் சொன்னபோது, ஒளியாகிய முகம் என்னும் பழைய வாக்கியம் நாவின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

படம் முடிந்து விளக்குகளைப் போட்டபின், வழக்கமாக முதல் வரிசையில் அமரும் மூதாட்டி ஒருவர் அருகே வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். வாழ்நாளில் பல பிள்ளைப்பேறும் பல சாவும் பார்த்தவர். "சாமி, அந்தப் பிள்ளைக்கு ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சே, கும்பலா நின்ன அத்தனை சாமிமாருல ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடுக்கலியா?" என்று கேட்டார்.

பழைய நாடாவைப் போட்டிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இல்லை பாட்டி, யாரும் கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னோம்.